திடீர்த் திருப்பமும் காலத்தின் தீர்ப்பும்

பல்லாண்டுகளுக்கு முன் மேல்வகுப்பு மாணவர்க்குச் சேக்ஸ்பியரின் ‘மாரிக்காலக் கதை’ நாடகத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, பதினாறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவள் சிலையாக நிற்கின்றாள், பின்பு உயிரோடு இறங்கி வருகின்றாள். கதையை முடிக்கத் தெரியாதவர் செய்யும் தந்திரமல்லவா இது?” என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. “நாடகம் என்றால் அப்படித்தான், இரு” என்று கூறி அவனை அமர்த்திவிட்டேன். அது விடையன்று என்பதை நான் அன்றே அறிவேன். அந்தப் பழைய கடனை இன்று தீர்க்க முயல்கின்றேன்.

கதையின் திடீர்த் திருப்பத்தைப் பற்றி முதன்முதல் ஆழ்ந்து எழுதியவர்களுள் ஒருவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில். திருப்பம் எதிர்பாராததாக இருத்தல் வேண்டும். ஆயினும் முன் நிகழ்ந்தவற்றின் விளைவாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. 16ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கதாசிரியர்கள் இவ்விரண்டில் முதலாவதையே பெரிதும் விரும்பினர். புயல், கப்பற்சேதம், காணாமற்போன குழந்தை, அடையாளம் காட்டும் அணிகலன் ஆகிய இவையே அவர்களுடைய கருவிகள்.

இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. அவர்கள் வாழ்ந்த காலமே திருப்பங்கள் நிறைந்த காலம். 1554இல் இலண்டன் கோபுரச் சிறையில் உயிருக்கு அஞ்சியிருந்த எலிசபெத்து இளவரசி, 1558இல் அரியணை ஏறினார். 1588இல் இங்கிலாந்தின் மீது படையெடுத்து வந்த ஸ்பானியக் கடற்படை, போரில் பின்னடைந்து திரும்பும் வழியிற் புயலாற் சிதறுண்டது. 1592இலும் 1593இலும் கொள்ளைநோய் பரவியதால் இலண்டன் நாடக அரங்குகள் நெடுங்காலம் மூடிக் கிடந்தன. காலையில் நலமாயிருந்தவன் சில நாட்களிற் புதைகுழியில் இருந்தான். இத்தகைய மக்களுக்குத் திடீர்த் திருப்பம் கதையாசிரியனின் கற்பனையாகத் தோன்றுமா? அது அவர்கள் கண்ட உலகமே அன்றோ!

ஸ்பானியக் கடற்படை சிதறிய அதே 1588ஆம் ஆண்டில் றொபேட் கிறீன் என்பவர் ‘பண்டோஸ்ரோ’ என்னும் உரைநடைக் கதையை வெளியிட்டார். ‘காலத்தின் வெற்றி’ என்பது அதன் மறுபெயர். பொகீமிய மன்னன் பண்டோஸ்ரோ, தன் மனைவி பெலாரியாவின் கற்பின்மேல் வீண் ஐயங்கொள்கின்றான். அவள் பெற்ற பெண்மகவைச் சிறு படகிலிட்டுக் கடலில் விடுகின்றான். அவள் குற்றமற்றவள் என்று அப்பலோ தெய்வத்தின் திருவாக்கு கூறுகின்றது. மன்னன் அதனை ஏற்றுத் தன் பிழைக்கு வருந்துகின்றான். அந்த வேளையில் அவன் மகன் இறந்தான் என்ற செய்தி வருகின்றது. அதைக் கேட்ட அரசியும் வீழ்ந்து இறக்கின்றாள். மன்னன் திருந்திய பின்பும் அடி விழுகின்றது. இங்கே திருப்பத்தை நடத்துவது ஊழ். கதையின் முடிவில், கடலில் விட்ட மகள் கிடைக்கின்றாள், எல்லோரும் மகிழ்கின்றனர். ஆயினும் பண்டோஸ்ரோ தன் பழைய செயல்களை நினைந்து நினைந்து தற்கொலை செய்துகொள்கின்றான்.

ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் இக்கதையைச் சேக்ஸ்பியர் கையிலெடுத்தார். 1611இல் குளோப் அரங்கில் அது நாடகமாக நடிக்கப்பட்டது. அவர் செய்த மாற்றங்களிற் சிறியதாகத் தோன்றும் ஒன்றை முதலிற் கவனியுங்கள். அவருடைய மன்னன் லியொன்ரீஸ், தெய்வ வாக்கைப் பொய்யென்று மறுக்கின்றான். மறுத்த அக்கணமே மகனின் மரணச் செய்தி வருகின்றது. நிகழ்ச்சி ஒன்றே, ஆனால் அது நிகழும் இடம் மாறியதால் விபத்தாக இருந்தது வினைப்பயனாகிவிட்டது. அரிஸ்டோட்டில் வேண்டிய இரண்டாம் பண்பு இங்கே நிறைவுறுகின்றது.

இனி அச்சிலைக்கு வருவோம். அரசி எர்மியோனி உயிரோடிருப்பதைச் சேக்ஸ்பியர் மன்னனுக்கு மட்டுமன்றிப் பார்ப்போருக்கும் மறைத்தே வைத்தார். ஆதலின் அவனோடு நாமும் திகைக்கின்றோம். ஆனால் அச்சிலையின் முகத்திற் சுருக்கங்கள் உள்ளன. அவள் இழந்த பதினாறு ஆண்டுகள் மீளவில்லை. இறந்த மகனும் மீளவில்லை. மன்னிப்பு உண்டு, ஆயினும் ஈடு இல்லை. இதனையே அன்று என் மாணவனுக்குச் சொல்லியிருத்தல் வேண்டும். தந்திரம் செய்பவன் எல்லாவற்றையும் திருப்பித் தந்திருப்பான். சேக்ஸ்பியர் அவ்வாறு தரவில்லை.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1719இல் டானியல் டிபோ எழுதிய ‘றொபின்சன் குரூசோ’ வெளிவந்தது. ஆளற்ற தீவிலே குரூசோவின் இருப்பிடத்தருகே வாற்கோதுமைக் கதிர்கள் முளைக்கின்றன. இறைவன் செய்த அற்புதம் என்று எண்ணி அவன் கண்ணீர் விடுகின்றான். பின்பு, கோழித்தீன் இருந்த பையைத் தானே அங்கு உதறியது நினைவுக்கு வருகின்றது; நன்றியுணர்வு குன்றுகின்றது. மேலும் சிந்திக்கின்றான்: எலிகள் தின்று தீர்த்த பையிற் சில மணிகள் மட்டும் கெடாதிருந்ததும், அவை நிழலான இடத்தில் விழுந்ததும் அருளல்லவா? காரணம் தெரிந்த பின்பும் வியப்பு எஞ்சி நிற்கின்றது. புதிய காலத்தின் திருப்பம் இதுவே.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1660இற் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி அரசிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் வெளிவந்த அவர் நூலிலே, முதியவர் ஒருவர் ஓர் ஆங்கில விவிலியத்தைக் கொண்டுவந்த நிகழ்ச்சி சொல்லப்படுகின்றது. தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதனை அவர் பெற்றார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது முதியவர் கைக்கு அது வந்தது என்ற காரணத்தையும் எழுதினார். இறைவனுக்கு நன்றியும் எழுதினார். டிபோ இந்நூலை அறிந்தவர். 1720இல் வெளியிட்ட ‘கப்பித்தான் சிங்கிள்ரன்’ கதையில் நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கிச் சேர்த்துள்ளார்.

அன்பர்களே, திடீர்த் திருப்பம் இழந்ததை மீட்டுத் தரும் மந்திரமன்று. எது மீளும், எது மீளாது என்பதைக் காட்டும் விளக்கு அது. என்னிடம் வினவிய அம்மாணவன் எங்கிருந்தேனும் இதனைக் கேட்பானாயின், அவன் கேள்வியை அன்று சிரிப்பில் மூடிய ஆசிரியனை மன்னிப்பானாக.