தலைச்சுமையும் தள்ளுவண்டியும்

வண்டி என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது மாட்டுவண்டியே ஆகும். அதனை அடுத்துப் புகைவண்டி. ஊரை விட்டு நம்மைத் தில்லிக்குக் கொணர்ந்து சேர்த்தது அதுதான் அன்றோ! மாடும் இன்றி, நீராவியும் இன்றி, மனிதர் கை தள்ள நகரும் சிறு வண்டியை வரலாற்றுப் பொருளாகக் கொள்வார் அரியர். அங்காடிக்குள் பொருள் வாங்குவோர் தள்ளிச் செல்லும் கம்பிக்கூடை வண்டி ஒன்று. காய்கறி ஏற்றிக்கொண்டு நம் குடியிருப்பைத் தேடி வரும் தேலா மற்றொன்று. முன்னது அமெரிக்காவில் பிறந்தது. அதன் பிறந்த நாள்கூட ஏட்டில் உள்ளது. பின்னதற்குப் பிறந்த நாள் குறித்து வைத்தார் எவருமிலர். ஆயினும் இவ்விரண்டும் ஒரே வினாவுக்கு எழுந்த இரு விடைகள். வாங்கிய பொருளை வீடுவரை யார் சுமப்பது என்பதே அவ்வினா.

இவ்வினா நம்மவர்க்குப் புதியதன்று. பெரும்பாணாற்றுப்படையில் உமணர் என்னும் உப்பு வணிகரின் வண்டிகள் விரிவாகப் பேசப்படுகின்றன. அதே நூலில் மோர் விற்கச் செல்லும் ஆய்மகளும் வருகிறாள். அவள் பானைக்கு வண்டி இல்லை. தலையும் சும்மாடுமே உண்டு. பெருவணிகத்திற்குச் சக்கரம், சிறுவணிகத்திற்குத் தலை என்னும் பிரிவினை அவ்வளவு பழைமையானது. தலைச்சுமையில் ஓர் இடர் உண்டு. அதனை ஏற்றவும் இறக்கவும் மற்றொருவர் கை வேண்டும். தனிவழியில் செல்பவர் இளைப்பாற எண்ணினால் என் செய்வார்? அதற்காகவே நம் நாட்டுச் சாலைகளில் சுமைதாங்கிக் கற்களை நாட்டினர். இரு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தினால் முடிந்தது. சுமப்பவர் அருகில் சென்று, குனியாமல், எவர் துணையும் இன்றிச் சுமையை அதன்மேல் நகர்த்திவிடலாம். மீண்டும் அவ்வாறே தலையில் ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக உறவினர் நாட்டியவை இவற்றுள் பல. வயிற்றுச் சுமையை இறக்கிவைக்காமலே போனவள் பெயரால், பிறர் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். இதனை எண்ணியவன் கல்லாத் தச்சனோ ஊர்ப் பெரியவனோ, யாராயினும் வணங்கத் தக்கவன்.

இனித் தில்லிக்கு வருவோம். தலைநகர் மாற்றம் 1911-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. புது தில்லி 1931-இல் முறைப்படித் திறந்து வைக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1921-இல், லட்யன்ஸ் வகுத்த நகரமைப்பில் கோல் மார்க்கெட் எழுந்துவிட்டது. சாலைகள் கூடும் வட்டத்தின் நடுவே பன்னிரு பக்கங்கள் கொண்ட கட்டிடம் அது. ஆட்சி செய்ய மாளிகை எழும் முன்னர் எழுத்தர்க்கு அரிசி பருப்பு வாங்க இடம் வேண்டியிருந்தது போலும். இந்தி மொழியில் கோல் என்பது வட்டம். நம் மொழியிலோ கோல் என்பது ஊன்றுகோலும் ஆம். பொருளை நிறுக்கும் நிறைகோலும் ஆம். அங்காடிக்கு இப்பெயர் தமிழிலும் பொருந்துவது ஒரு தற்செயலான இன்பம்.

அங்காடியைச் சூழ்ந்து அரசு ஊழியர் குடியிருப்புகள் சதுரம் சதுரமாக அமைந்தன. கோடையில் சிம்லாவுக்கும் குளிரில் தில்லிக்கும் அலுவலகத்தோடு பெயர்ந்து திரிந்த தென்னாட்டு ஊழியர்தம் பிள்ளைகளுக்காக 1923-இல் தோன்றிய கல்விச் சங்கமே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாய் வளர்ந்துள்ளது. அதன் மந்திர் மார்க் பள்ளி, கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவே. ஆகவே பள்ளி, கோயில், அங்காடி, அலுவலகம் என நம்மவர் வாழ்வின் நான்கு எல்லைகளும் இவ்வட்டாரத்தில் நெருங்கி அமைந்தன.

அக்காலத்து வணிகமுறையைப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். சம்பளம் வந்த முதல் வாரத்தில் மளிகைப் பட்டியல் கடைக்குச் செல்லும். வாங்குபவர் வெளியே நிற்பார். பொருளைத் தொடுபவர் கடைக்காரரே. பற்றுவரவு ஏட்டில் எழுதிக்கொண்டு, கடைப்பையன் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து வீட்டில் சேர்ப்பான். கையில் ஒரு துணிப்பை கொள்ளுமளவே பாபு சுமப்பார். மூட்டையைத் தாமே தோளில் ஏற்றிக்கொண்டு சதுக்கத்தில் நடப்பது, அலுவலகத்துத் தோழர் கண்ணில் பட்டுவிட்டால் என்னாவது என்ற கூச்சத்துக்குரிய செயலாக இருந்தது. இக்கூச்சத்தை வாசகர் நினைவில் கொள்க. கடல் கடந்த நாட்டில், வேறொரு வடிவில், இதனை மீண்டும் காணப் போகிறோம்.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பார் 1916-ஆம் ஆண்டு 'பிக்லி விக்லி' என்னும் கடையைத் திறந்தார். வாங்குபவரே உள்ளே சென்று, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வெளியேறும் வாயிலில் பணம் செலுத்தும் முறையை அங்கே புகுத்தினார். இதனால் கடைச் சிப்பந்திகளின் எண்ணிக்கை குறைந்தது, விலையும் குறைந்தது. ஆனால் சிப்பந்தி சுமந்த சுமை எங்கே போயிற்று? வாங்குபவர் கைக்கு வந்தது. ஒவ்வொருவரும் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கலாயினர்.

ஓக்லஹோமா நகரில் கடைகள் பல நடத்திய சில்வன் கோல்ட்மேன் ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்கினார். கூடை நிறைந்தவுடனோ கை வலித்தவுடனோ மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகின்றனர். பணப்பை இன்னும் காலியாகவில்லை, கைதான் களைத்துவிட்டது. 1936-ஆம் ஆண்டு ஓர் இரவில், தம் அலுவலறையில் கிடந்த மடக்கு நாற்காலி அவர் கண்ணில் பட்டது. அதன் இருக்கையைச் சற்று உயர்த்தி அங்கே ஒரு கூடை, அடியில் மற்றொரு கூடை, கால்களில் சக்கரம் என்று வைத்தால் என்ன? ஃபிரெட் யங் என்னும் கைவினைஞர் துணையோடு அதனைச் செய்து பார்த்தார். 1937 ஜூன் 4 அன்று வண்டிகள் கடைக்கு வந்தன.

வந்தன, ஆனால் தள்ளுவார் இல்லை! இளைஞர்கள், ஒரு கூடையைத் தூக்க வலிமையற்றவரா நாம் என்று ஒதுங்கினர். பெண்களோ, குழந்தை வண்டியைத் தள்ளித் தள்ளிச் சலித்தது போதாதா என்றனர். கோல்ட்மேன் சோர்ந்துவிடவில்லை. ஆணும் பெண்ணுமாகப் பல வயதினரைக் கூலிக்கு அமர்த்தி, பொருள் வாங்குவார்போல் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் உலவச் செய்தார். பிறர் செய்யக் கண்டவுடன் எல்லோரும் செய்யத் தொடங்கினர். பாபுவுக்குச் சுமப்பதில் கூச்சம். ஓக்லஹோமா இளைஞருக்குச் சுமக்காதிருப்பதில் கூச்சம். இரண்டும் அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு அஞ்சியே என்பதில் ஐயமில்லை.

பின்வந்த மாற்றங்களைச் சுருக்கமாகக் கூறலாம். 1946-இல் கான்சாஸ் நகரத்து ஆர்லா வாட்சன், கூடையின் பின்புறக் கம்பிவலையைக் கதவுபோல் மேலே எழும்பச் செய்து, ஒரு வண்டிக்குள் மற்றொன்று புகுந்து நிற்கும் அமைப்பைக் கண்டார். 1949-இல் அதற்குக் காப்புரிமை கிட்டியது. ஐம்பது வண்டி நிற்க வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிற்று. பின்னர்க் குழந்தை அமர இருக்கையும் வந்து சேர்ந்தது. இவ்வண்டியின் பயன் பெரிது. முதுகு வலித்தோர்க்கும் முதியோர்க்கும் அது ஊன்றுகோல் போலவும் உதவுகிறது. எனினும் அது அருளால் பிறந்ததன்று, விற்பனையால் பிறந்தது. வாங்குபவரின் கை ஓயாதிருந்தால் பை ஓயும் என்னும் கணக்கே அதன் கருவறை.

இதே ஆண்டுகளில் நம் சதுக்கங்களில் உருண்டது வேறு வண்டி. நான்கு சைக்கிள் சக்கரங்களின்மேல் ஒரு மரப்பலகை. இந்தியில் ரேஹ்டி என்றும் தேலா என்றும் அதனை வழங்குவர். கோல்ட்மேனின் வண்டி, அசையாத பொருள்களிடையே வாங்குபவரைச் செலுத்தியது. தேலாவோ, வாசலில் நிற்பவரிடம் பொருளையே செலுத்திற்று. அங்கே தள்ளுபவர் வாங்குபவர். இங்கே தள்ளுபவர் விற்பவர். அங்கே வண்டி பெரிதாக ஆக வாங்குவது மிகும். இங்கே நாளை காலையும் வண்டி வரும் என்பதால் இன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் போதும். குளிர்ப்பெட்டி அரிதாயிருந்த இரண்டறைக் குடியிருப்பில் ஒரு வாரக் காய்கறியை எங்கே வைப்பது? மாத இறுதியில் ஒருசேரச் செலவிடப் பணந்தான் ஏது? ஆகவே கால் சேர் வாங்கினர். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் எடைகள் புகுந்து, 1960-களில் சேர் மறைந்து கிலோ நிலைபெற்றது. ஆயினும் கால் சேரின் பெயராகிய 'பாவ்' மறையவில்லை. தில்லித் தெருவில் 250 கிராமுக்கு இன்றும் அதுவே பெயர்.

மாடியில் குடியிருப்போர் இறங்கி வரவும் தேவையில்லை. கயிற்றில் கட்டிய கூடையில் காசை இட்டு இறக்குவர். காயும் மீதிச் சில்லறையும் கொசுறாகக் கொத்துமல்லியும் ஏறிவரும். இதனினும் எளிய எந்திரம் எந்நாட்டிலும் உண்டோ!

தேலாவுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அலுவலகம் சென்ற ஆடவர் ஆங்கிலத்தால் காலந்தள்ளினர். வீட்டிலிருந்த நம் தாய்மார்க்கும் பாட்டிமார்க்கும் இந்தி கற்பித்த பள்ளி எது? பிண்டி, லௌகி, கரேலா என்று கூவி வந்த வண்டியே. வெண்டை, சுரை, பாகல் எனப் பொருளைக் கண்முன் வைத்துப் பெயர் சொல்லும் அவ்வாசிரியருக்கு இணை இல்லை. எண்களும் அங்கேதான் கற்கப்பட்டன. பேரம் பேசுபவர்க்கு எண் தவறினால் இழப்பு உடனே தெரியுமன்றோ! பாடம் ஒருவழியாகவும் நிற்கவில்லை. தமிழர் மிகுந்த கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம் பகுதிகளில் விற்பவரும் 'முருங்கைக்காய்', 'வாழைக்காய்' என்று தமிழில் கூவக் கற்றனர்.

வாங்குபவரே எடுத்துக்கொள்ளும் முறை தில்லிக்கு வந்தது, வணிகர் இலாபத்தால் அன்று, விலைவாசி நெருக்கடியால். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டே நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிக் கலப்படமற்ற பண்டங்களை விற்க வழிகாட்டியிருந்தது. நடுவண் அரசு ஊழியர்க்கென 1963-இல் கேந்திரிய பண்டார் தொடங்கப்பெற்றது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. விலையேற்றத்தைத் தடுக்கும் நோக்கோடு அடுத்த மாதமே கன்னாட் சர்க்கஸில் சூப்பர் பஜார் எழுந்தது. உணவு அமைச்சராக அப்போது விளங்கியவர் நம் சி. சுப்பிரமணியம். குறித்த விலை, சரியான எடை, பேரமில்லை என்னும் மூன்றும் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரும் ஆறுதலாயின. ஆனால் கடன் ஏடு இல்லை. பையைச் சுமந்து பேருந்தில் ஏறும் பொறுப்பும் வாங்குபவரையே சேர்ந்தது. அச்சூப்பர் பஜார் 2002-இல் மூடப்பட்டது. கோல் மார்க்கெட்டின் நடுக்கட்டிடமும் பின்னாளில் காலி செய்யப்பட்டு, அதனை அருங்காட்சியகமாக்கும் திட்டம் வகுக்கப்பட்டது.

இன்று பெருங்கடைகளில் கோல்ட்மேனின் வண்டியை நம் பிள்ளைகள் கூச்சமின்றித் தள்ளுகின்றனர். அவ்வண்டி கார் நிற்கும் இடம் வரையே வரும். கார் இல்லாதவர்க்குக் கடை வாயிலோடு அதன் உதவி முடிந்துவிடும். தேலாவோ வாசல் வரை வந்தது. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் வெளிக்கதவில் காவலர் அதனை நிறுத்திவிடுகிறார். தெரு வணிகரின் பிழைப்பைக் காக்கவும் முறைப்படுத்தவும் 2014-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. விற்பனைச் சான்றிதழ் கொண்டவரை விரட்டலாகாது என அது கூறுகிறது. பதினெட்டாம் மாடியில் இருப்பவர் கூடையை எவ்வாறு இறக்குவார் என்பதை எச்சட்டமும் கூறாது.

சக்கரமே புகாத இடங்களும் இந்நகரில் உள. பழைய தில்லியின் காரி பாவ்லி, மிளகாயும் மஞ்சளும் புளியும் மலைபோல் குவியும் மசாலா அங்காடி. அதன் சந்துகளில் ஜல்லிவாலா என்னும் சுமைகூலி, அகன்ற மூங்கில் கூடையைத் தலையில் ஏந்தி, பொருள் வாங்குவோர் பின்னே கடை கடையாகச் செல்கிறார். வாங்குபவர் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்கக் கூடை நிறைகிறது. ஓக்லஹோமாவில் மடக்கு நாற்காலி செய்த வேலையை இங்கே ஒரு மனிதரின் கழுத்து செய்கிறது. அங்கே சுமைதாங்கிக் கல் இல்லை. வாங்குபவர் விலை கேட்டு நிற்கும் நேரத்தில், அவர் தம் கூடையின் விளிம்பை நிறுத்தி வைத்த ஒரு தள்ளுவண்டியின் பலகைமேல் சாய்த்துச் சற்றே மூச்சு விடுகிறார். வண்டிக்காரர் வந்து குரல் கொடுத்ததும் மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.