பழவேற்காடு: வந்தோர் வரலாறும் சென்றோர் வரலாறும்

சோழமண்டலக் கரையோர முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரு வருகையிலிருந்தே தொடங்குகின்றனர். அரபு நாட்டிலிருந்து மரக்கலங்கள் வருகின்றன; கரையிறங்கியோர் உள்ளூர்ப் பெண்களை மணக்கின்றனர்; பள்ளிவாசல் எழுகிறது; ஓர் ஊர் உருவாகிறது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களைப் போலவே, திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் உள்ள பழவேற்காட்டுக்கும் இத்தகைய மரபுக்கதை ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டில் புதிய ஆட்சியாளருக்குப் பணிய மறுத்ததால் தாயகத்தை விட்டு வெளியேற்றப்பட்ட அரபு மக்கள் சிலர், கடல் கடந்து இவ்வேரிக்கரையில் வந்து குடியமர்ந்தனர் என்பதே அது.

இம்மரபுக்கதையின் ஒவ்வொரு கூறுக்கும் ஆவணச் சான்று தேடுவது பயன் தராது. அரபு வணிகர்கள் இக்கரையை ‘மஅபர்’ எனும் பெயரால் நெடுங்காலம் அறிந்திருந்தனர் என்பதும், 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா மதுரை சுல்தான்களின் காலத்தில் இந்நாட்டுக்கு வந்தார் என்பதும் உறுதியான செய்திகள். ஆயினும் மரபுக்கதையின் மதிப்பு அது தரும் தகவலில் மட்டும் இல்லை. ஒரு சமூகம் தன்னைப் பற்றி எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறது என்பதையும் அது காட்டுகிறது. ‘நாங்கள் அநீதிக்குப் பணியாமல் புலம்பெயர்ந்து வந்தவர்கள்’ என்பதே பழவேற்காட்டு முஸ்லிம்கள் காத்துவந்த நினைவின் சாரம். இந்நினைவு எதைத் தாங்கி நிற்கிறது, எதை விட்டுவிட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

துணியில் நிலைத்த ஊர்ப்பெயர்

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காடு விஜயநகரப் பேரரசின் முதன்மையான கிழக்குக் கடற்கரைத் துறைமுகமாக விளங்கிற்று. அக்காலத்தில் எழுதிய போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா, இங்கு முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் செழித்திருந்ததையும், வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் மலாக்கா, பெகு, சுமத்திரா முதலிய இடங்களுக்கு ஏற்றுமதியானதையும் குறித்துள்ளார். சாயவேரிலிருந்து எடுத்த செந்நிறம் இத்துணிகளின் சிறப்பு. தென்கிழக்காசியாவில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்குவதற்குப் பொன்னையும் வெள்ளியையும் விட இத்துணியே பல இடங்களில் பயன்பட்டது.

இவ்வணிகத்தின் தடம் இன்றும் ஒரு சொல்லில் உயிரோடிருக்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் முஸ்லிம் ஆண்கள் தொழுகைக்கும் வீட்டுப் பழக்கத்துக்கும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு மலாய் மொழியில் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். ‘காயின்’ என்பது துணி. ‘பெலிக்காட்’ என்பது பழவேற்காடு. அதற்கு எதிர்த்திசையில் ‘சாரோங்’ எனும் மலாய்ச் சொல் நம் கரைகளுக்கு வந்து ‘சாரம்’ ஆயிற்று. உடை அங்கே சென்றது; உடையின் பெயர் இங்கே வந்தது. ஆனால் அத்துணியை நெய்தவர்களின் பெயர்கள் எந்த மொழியிலும் தங்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1610இல் இரண்டாம் வேங்கடரின் இசைவைப் பெற்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தது. 1612இல் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கினர். 1613இல் கெல்திரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகர் பழவேற்காடே. கம்பெனி தன் அனுமதிச் சீட்டின்றிக் கப்பல்கள் செல்வதைத் தடுத்தது. 1641இல் மலாக்காவைக் கைப்பற்றியது. 1669க்குள் மக்காசாரையும் அடக்கியது. நறுமணப் பொருள் தீவுகளுக்கான வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டபோது மரக்காயர்களின் கடல்வணிகமும் சுருங்கிற்று. தபன் ராய்சௌதுரி, சின்னப்பா அரசரத்தினம், சஞ்சய் சுப்ரமணியம் ஆகிய வரலாற்றாசிரியர்கள் இவ்வணிக வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

கல்லறையற்றோர்

பழவேற்காட்டுக்குச் செல்வோர் அனைவரும் காண்பது டச்சுக் கல்லறைத் தோட்டம். செதுக்கு வேலைப்பாடு மிக்க அக்கற்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. யார் இறந்தார், எந்த நாளில் இறந்தார், எப்பதவியில் இருந்தார் என்பதைக் கல் சொல்கிறது. ஆனால் அதே நூற்றாண்டில் அதே துறைமுகத்திலிருந்து அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

1619இல் படாவியா நகரை நிறுவிய டச்சுக் கம்பெனிக்குக் கட்டுமானத்துக்கும் தோட்டங்களுக்கும் வீட்டு ஊழியத்துக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1620கள் தொட்டே சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளைக் கொண்டு செல்லும் முயற்சிகள் நடந்தன. பஞ்சமும் போரும் சூழ்ந்த ஆண்டுகளில் இவ்வணிகம் பெருகிற்று. 1659 முதல் 1661 வரை நிலவிய பஞ்சம் அவற்றுள் கொடியது. பசியால் வாடிய பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். உள்ளூர்த் தரகர்கள் வாங்கினர். கம்பெனி கப்பலில் ஏற்றியது. இக்குற்றத்தை ஐரோப்பியர் மீது மட்டும் சுமத்திவிட்டு இக்கரையின் ஆட்சியாளர்களையும் தரகர்களையும் விடுவித்துவிட முடியாது.

இவர்களுள் ஒரு பகுதியினர் 1652இல் டச்சுக்காரர்கள் குடியேற்றம் அமைத்த நன்னம்பிக்கை முனைக்கும் சென்றனர். அங்கே அவர்களின் இயற்பெயர்கள் அழிக்கப்பட்டன. புதிய பெயரோடு, வந்த இடத்தைக் குறிக்கும் ஒட்டு சேர்க்கப்பட்டது: ‘வங்காளத்தான்’, ‘மலபாரான்’, ‘கரையான்’ என்னும் பொருள்படும் டச்சு ஒட்டுகள். ‘கரை’ என்றால் சோழமண்டலக் கரை. எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்த மொழி என்பதெல்லாம் ‘கரை’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போயிற்று. பிற்காலத்தில் ‘கேப் மலாய்கள்’ என அழைக்கப்பட்ட கேப் டவுன் முஸ்லிம் சமூகத்தின் முன்னோர்களுள் கணிசமானோர் இந்தியாவின் வங்காளம், மலபார், சோழமண்டலப் பகுதிகளிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களே. அப்பொதுப்பெயரும் அவர்களின் இந்தியப் பிறப்பிடத்தை மறைத்துவிட்டது.

ஆக, ஒரே ஊருக்கு இரு புலம்பெயர்வு வரலாறுகள் உள்ளன. வந்தோரின் வரலாற்றைச் சமூகம் பெருமிதத்தோடு காத்தது. சென்றோரின் வரலாற்றை டச்சுக் கம்பெனியின் கணக்கேடு மட்டும், அதுவும் எண்ணிக்கையாக மட்டும், காத்தது. வணிகனும் அடிமையும் கடந்தது ஒரே கடலைத்தான். ஆனால் பெயரோடு கடப்பதற்கும் பெயரிழந்து கடப்பதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது.

இடம்பெயர்வு அடையாளத்தை என்ன செய்கிறது?

இடம்பெயர்வு மனிதரின் அடையாளத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்குத் தமிழ் முஸ்லிம்களைப் பற்றிய மானிடவியல் ஆய்வு ஒன்று நல்ல விளக்கம் தருகிறது. அமெரிக்க மானிடவியலாளர் மேட்டிசன் மைன்ஸ் 1960களில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் களப்பணி செய்து, தமிழ் முஸ்லிம் வணிகர்களைப் பற்றி 1972இல் நூல் வெளியிட்டார். இராவுத்தர், லெப்பை, மரக்காயர், காயலர் எனப் பல பிரிவினர் பல ஊர்களிலிருந்து வந்து அங்குக் குடியேறியிருந்தனர். சொந்த ஊரில் ஒருவர் இன்னார் மகன், இன்ன தெருவினர், இன்ன பிரிவினர் என அறியப்பட்டார். அங்கே தம்மை முஸ்லிம் என நிறுவ அவருக்குத் தேவை ஏதும் எழவில்லை. நகரத்திலோ உறவும் ஊரும் அறியாத அயலாரிடையே, தொழுகை, பள்ளிவாசல், மார்க்க ஒழுக்கம் ஆகியவையே அவரது முதன்மை அடையாளமாயின. இடம்பெயர்வு மார்க்கப் பற்றைத் தளர்த்தும் எனப் பலர் கருதியிருக்க, அது பற்றை வலுப்படுத்தவும் கூடும் என்பதை இவ்வாய்வு காட்டிற்று. அயலூரில் மனிதனுக்கு முதலில் கதவு திறக்கும் இடம் பள்ளிவாசலே என்பது இதன் உட்பொருள்.

புதிய வருகையாளர்கள்

பழவேற்காட்டுக்கு மேற்கே, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி அமைந்துள்ளது. 1971இல் நிறுவப்பட்ட சிப்காட் நிறுவனம் பின்னர் இங்குத் தொழில் வளாகம் அமைத்தது. இரும்பு உருட்டாலைகளும் வார்ப்பாலைகளும் வேறு பல தொழிற்சாலைகளும் பெருகின. தெற்கே எண்ணூரில் 2001இல் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று. அடுத்து காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. பழைய துறைமுகம் மீன்பிடி ஊராய் ஒடுங்க, அதன் அண்டையில் புதிய துறைமுகங்கள் எழுந்தன.

இப்பகுதிக்கு வந்த மக்கள் ஒரு தன்மையினர் அல்லர். இலங்கையின் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களுக்கான முகாம் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. 1990இல் போர் மீண்டும் மூண்டு அகதிகள் பெருமளவில் தமிழகம் வந்தபோது, அதே ஆண்டு அக்டோபரில் இலங்கையின் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாயினர் என்பதையும் நாம் மறக்கலாகாது. துயரம் எந்த ஒரு சமூகத்தின் தனியுடைமையும் அன்று.

அவர்களுக்குப் பின் வந்தோர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலங்களின் தொழிலாளர்கள். உருக்கிய இரும்பின் வெம்மையில் வேலை செய்து, ஒப்பந்தக்காரர் தரும் நெருக்கமான அறைகளில் தங்குவோர் பலர். 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்ட பின்னர், வேலையும் உணவும் இழந்த புலம்பெயர் தொழிலாளர்கள் நாடெங்கும் நெடுஞ்சாலைகளில் நடந்தபோதுதான் அவர்களின் எண்ணிக்கையை நாடே உணர்ந்தது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது அவர்களின் அச்சமும் வெளிப்பட்டது.

இவர்களுக்கு நாம் இட்ட பெயர் என்ன? ‘வடக்கன்’ அல்லது ‘இந்திக்காரன்’. ஒடியா பேசுபவரும் வங்காளம் பேசுபவரும் சந்தாலி பேசுபவரும் இவ்வொரு சொல்லுக்குள் அடைக்கப்படுகின்றனர். டச்சுக் கணக்கர் எழுதிய ‘கரையான்’ என்பதற்கும் இதற்கும் சூழலில் பெரும் வேறுபாடு உண்டு. இவர்கள் அடிமைகள் அல்லர், விருப்பத்தோடு வந்தவர்கள். ஆனால் பெயரிடும் முறை ஒன்றே. அன்று கடல்கடந்து சென்ற நம்மவருக்கு நேர்ந்ததை, இன்று நிலம் கடந்து வந்தவருக்கு நாம் செய்கிறோம்.

நினைவின் கடமை

இஸ்லாமிய வரலாற்றில் ஹிஜ்ரத் என்பது செல்வோரின் தியாகத்தை மட்டும் குறிப்பதன்று. 622இல் மதீனா வந்த முஹாஜிர்களையும் அங்கிருந்த அன்ஸார்களையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்தார்கள். வந்தவருக்கு இடம் கொடுத்தவர் வரலாற்றில் வந்தவருக்கு இணையான பெயர் பெற்றார். அதற்கு முன்பே அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி, அடைக்கலம் தேடி வந்த முஸ்லிம்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். எனவே புலம்பெயர்வை மார்க்கப் பெருமையாகக் கொண்டாடும் சமூகம், தன்னிடம் புலம்பெயர்ந்து வருவோரிடம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதும் அப்பெருமையின் அளவுகோலாகும். வருபவர் முஸ்லிமா அல்லரா என்பது இங்குக் கேள்வியன்று.

செய்யத்தக்கவை சிறியனவே. வெள்ளிக்கிழமை முன்வரிசைகளுக்குப் பின்னால் அமர்ந்து, புரியாத மொழியில் பயான் கேட்டுச் செல்லும் தொழிலாளியின் பெயரையும் ஊரையும் ஜமாஅத்தின் பதிவேட்டில் எழுதி வைக்கலாம். தலைக்கட்டுக் கணக்கில் அவர் சேராமல் போகலாம். ஆனால் நோயிலோ விபத்திலோ இறப்பிலோ அவரது வீட்டாருக்குச் செய்தி சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? முஸ்லிமல்லாத தொழிலாளிக்கும் அதே உதவியைச் செய்வதற்குத் தடை ஏதும் இல்லை. நம் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள், அரபு மரக்கலங்களைத் தேடும் ஆர்வத்தில் ஒரு பகுதியை, உருட்டாலைத் தொழிலாளரின் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவதற்கும் செலவிடலாம்.

பழவேற்காட்டு மரபுக்கதை மெய்யோ அன்றோ, அது எழு நூற்றாண்டுகளாகச் சொல்லப்படும் அளவுக்கு ஓர் உண்மையைத் தாங்கியுள்ளது: அயலாராய் வந்தவர்களுக்கு இக்கரையில் யாரோ இடம் கொடுத்தனர். இடம் கொடுத்தவர்களின் பெயர்கள் அக்கதையில் இல்லை. அவர்களுக்குப் பட்ட கடனை அவர்களிடம் திருப்பித் தர இயலாது. இன்று வந்து நிற்பவரிடமே அதைத் தீர்க்க வேண்டும்.