வயிற்றுக் கிருமியும் ஒரு புற்றுநோயும்

நம் தலைமுறையில் வயிற்றுப்புண் வந்தவர்களுக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றுதான்: காரத்தைக் குறை, கவலையைக் குறை, வேளாவேளைக்குச் சாப்பிடு. அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று டாக்டர்களே நம்பிய காலம் அது.

1979-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டாக்டர் ராபின் வாரன், நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். 1981-ல் இளம் டாக்டர் பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். ஆய்வகத்தில் அந்தக் கிருமி வளர மறுத்தது. இரண்டு நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதலாகச் சில நாட்கள் அப்படியே கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! பலர் அப்போதும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இது பலருக்கும் தெரிந்த கதை. இதன் அடுத்த பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

லிம்போமா என்பது நிணநீர் அணுக்களில் வரும் புற்றுநோய். 1983-ல் பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்ற இருவர், இரைப்பை போன்ற உறுப்புகளில் மெதுவாக வளரும் ஒரு வகை லிம்போமாவை விவரித்தார்கள். அதில் ஒரு புதிர் இருந்தது. ஆரோக்கியமான இரைப்பையில் நிணநீர்த் திசுவே கிடையாது. இல்லாத இடத்தில் நோய் எப்படி முளைத்தது?

விடை, ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற அதே கிருமி. அதை விரட்ட வரும் வெள்ளணுக்கள், எதிரி ஒழியாததால் அங்கேயே முகாம் போட்டுவிடுகின்றன. வருடக்கணக்கில் தூண்டப்பட்டு, அவற்றில் சில கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. 1991-ல் லண்டனில் ஐசக்சன் குழுவினர் இந்த நோயாளிகள் 110 பேரின் திசுக்களை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இக்கிருமி இருந்தது. 1993-ல் ஆறு பேருக்கு வெறும் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து பேருக்குக் கட்டி கரைந்தது!

கிருமி முதலில் வந்ததா, நோய் முதலில் வந்ததா? பல வருடங்களுக்கு முன்பே சேமித்து வைத்த ரத்தத்தைச் சோதித்த அமெரிக்க ஆய்வு, 1994-ல் இதற்கும் பதில் தந்தது. முன்பே தொற்று இருந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு. அதே ஆண்டு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது.

பயப்பட வேண்டாம். கிருமி கோடிக்கணக்கானோர் வயிற்றில் இருக்கிறது. லிம்போமா வருவது மிக அபூர்வம். மாத்திரையால் எல்லோருக்கும் குணமாவதும் இல்லை. சிலருக்குக் கதிர்வீச்சோ கீமோதெரபியோ தேவைப்படும். ஆனால் நம் வயதில் வயிற்று வலி விடாமல் தொடர்ந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, "கேஸ்தான்" என்று நாமே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுவோம். ஆன்டிபயாடிக் எழுதித் தந்தால், வலி நின்றதும் நிறுத்தாமல் சொன்ன நாள் வரை சாப்பிட்டு முடிப்போம்.