பெங்காலி ரொட்டியும் பங்காளிக் கதையும்

சென்ற ஆசிரியர் நாளன்று எங்கள் தோட்டப் பள்ளியில் சிறியதொரு தேநீர் விருந்து நடந்தது. பெற்றோர் சங்கத்து மகளிர் விருந்தினருக்கு முதற்கண் பரிமாறிய பண்டம் எளிமையானது. ரொட்டியைத் துண்டு போட்டுக் கரியடுப்பில் இருபுறமும் வாட்டி, வெண்ணெய் தடவி, மெல்லிய அன்னாசித் துண்டையும் அதன்மேல் பாலாடைக் கட்டியையும் வைத்தனர்; கட்டி இளகும் வரை மீண்டும் அனலில் காட்டி, நான்காக நறுக்கித் தட்டில் அடுக்கினர். கால் மணி நேர வேலைதான். ரொட்டி மட்டும் ஜார்ஜ் டவுனிலிருந்து வருவித்த பெங்காலி ரொட்டி.

அதைச் சுவைத்துக்கொண்டே ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, இது வங்காளத்து ரொட்டியா? எங்கள் தாத்தா பங்காளி ரொட்டி என்கிறாரே!" இரண்டு விதமாகவும் சொல்வார்கள் என்று கூறி அப்பொழுது தப்பித்துக்கொண்டேன். ஆசிரியனுக்கு அது அழகன்று. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தட்டையே நோக்குவோம். அன்னாசி என்பது தமிழ்ச் சொல்லன்று. பழமும் பெயரும் போர்த்துக்கீசியர் வழியாக வந்தவை. மலாயர் அதனை நானாஸ் என்பர். பாலாடைக் கட்டிக்கு மலாய் மொழியில் கெஜு என்று பெயர், வெண்ணெய்க்கு மெந்தெகா. இவ்விரண்டும் போர்த்துக்கீசியச் சொற்களின் திரிபே. தட்டை வைத்த மேசையும் அவ்வாறே: நமக்கு மேசை, மலாயருக்கு மேஜா. 1511ஆம் ஆண்டு முதல் 1641ஆம் ஆண்டு வரை போர்த்துக்கீசியர் மலாக்காவை ஆண்டதன் சுவடுகளாக இச்சொற்கள் இன்றும் வாழ்கின்றன.

ஆனால் ரொட்டியின் நிலை வேறு. இலங்கைத் தமிழர் அதனைப் பாண் என்பர். அது போர்த்துக்கீசியச் சொல். மலாய் மொழியோ பாணை ஏற்கவில்லை. ரொட்டி என்னும் இந்தியச் சொல்லையே ஏற்றது. பாலாடைக் கட்டிக்கும் வெண்ணெய்க்கும் போர்த்துக்கீசியப் பெயரை வைத்துக்கொண்ட மக்கள், ரொட்டிக்கு மட்டும் இந்தியப் பெயரைக் கொண்டது ஏன்? ரொட்டியைச் சுட்டு அவர்கள் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்த கைகள் இந்தியக் கைகளாக இருந்தமையே காரணம் எனக் கொள்ளலாம்.

பினாங்கில் அக்கைகளுள் பல தமிழ் முஸ்லிம்களுடையவை. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றிய காலந்தொட்டே சோழமண்டலக் கரையினர் இங்கு வணிகம் செய்தனர். பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முகைதீன் முன்னின்று 1801ஆம் ஆண்டில் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சான்று. அவர்கள் வழிவந்தோர் பிற்காலத்தில் ரொட்டிச் சாலைகள் நடத்தினர். சைக்கிளிலும் பின்னர் மோட்டார் சைக்கிளிலும் தெருத்தெருவாகச் சென்ற ரொட்டிக்காரரை அறியாத தோட்டப் பிள்ளை அந்நாளில் இல்லை. பெங்காலி ரொட்டி மேலும் கீழும் சிவந்து, பக்கங்களில் வெண்மையாய் இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டி வெந்தவற்றைப் பிய்த்தெடுப்பதால் வந்த வெண்மை அது. கறிக் குழம்பில் தோய்த்து உண்பதற்கு அதனினும் ஏற்றது வேறில்லை.

இனிப் பெயருக்கு வருவோம். ஜார்ஜ் டவுனில் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. டிரான்ஸ்பர் ரோட்டில் தமிழ் முஸ்லிம் ஒருவர் போருக்கு முன் தொடங்கிய ரொட்டிச் சாலையில், வேலையாட்களுக்கும் தொழிலில் பங்கு கொடுக்கப்பட்டதாம். பங்காளிகள் சுட்ட ரொட்டி பங்காளி ரொட்டியாயிற்று. மலாயர் வாயில் அது பெங்காலியாகத் திரிந்தது என்பர். பங்கை ஆள்பவன் பங்காளி. ஆதலால் பொருள் நன்கு பொருந்துகிறது. தமிழன் எவனுக்கும் இக்கதை இனிக்கும். இனிப்பதனாலேயே நாம் விழிப்போடு இருத்தல் வேண்டும்.

ஒலியை ஆராய்வோம். தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற சொற்களில் முதலெழுத்துப் பகரம் பகரமாகவே நிற்கிறது. பெட்டி பெத்தியாயிற்று, புட்டு புத்துவாயிற்று. மலாய் மொழியில் அவ்வொலியும் அதன் மெல்லொலியும் தனித்தனி எழுத்துகள். காது இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. எனவே பங்காளியின் வல்லொலி பெங்காலியின் மெல்லொலியாகத் தானே மாறியது என்பதற்கு ஒலி விதி துணை செய்யவில்லை.

மறுபக்கத்தில், பெங்காலி என்னும் சொல் மலாய் மொழிக்குப் புதியதன்று. 1786ஆம் ஆண்டு முதல் 1805ஆம் ஆண்டு வரை பினாங்கு வங்காள அரசின் கீழ் இருந்தது. 1830ஆம் ஆண்டில் மீண்டும் அதன் கீழ் வந்தது. சிப்பாய்களும் கைதிகளும் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்தனர். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியரையும் மலாயர் பெங்காலி என்றே அழைத்தனர். வட இந்தியாவிலிருந்து வந்தது எதற்கும் ஒட்டக்கூடிய பெயராக அது இருந்தது.

அப்படியானால் பங்காளிக் கதை பொய்யா? அவ்வாறும் தள்ளிவிட இயலாது. பழக்கமில்லாத சொல்லைக் கேட்பவர், தமக்குப் பழக்கமான சொல்லாக அதனை மாற்றிக்கொள்வது உலக வழக்கு. பங்காளி என்று கேட்ட மலாயர், தாம் அறிந்த பெங்காலியை அங்கே வைத்திருக்கலாம். ஆயின் இவ்வாதம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. பெங்காலி என்று கேட்ட நம்மவர், தாம் அறிந்த பங்காளியை வைத்திருக்கவும் கூடும்.

இவ்வழக்கைத் தீர்க்க வல்லது ஏடு ஒன்றே. அந்த ரொட்டிச் சாலை தோன்றுமுன் அச்சான மலாய்ச் செய்தித்தாளில் பெங்காலி ரொட்டி என்னும் பெயர் காணப்பட்டால், பங்காளிக் கதை வீழும். பழைய கணக்கேட்டில் தொழிலாளர் பெயர்கள் பங்காளிகள் என எழுதப்பட்டிருந்தால், கதை நிமிர்ந்து நிற்கும். அதுவரை, வகுப்பில் இதனைச் செவிவழிச் செய்தி என்றே சொல்ல வேண்டும். வரலாறு என்று சொல்லலாகாது.

இதில் நமக்கு இழப்பில்லை. பெயர் எவ்வழி வந்ததாயினும், விடியுமுன் எழுந்து மாவு பிசைந்து, அனலருகில் நின்று சுட்டவர் நம்மவர் என்பதில் ஐயமில்லை. உண்மையான இழப்பு வேறொன்று. பழைய ரொட்டிச் சாலைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு சாலை மூடப்படும்போது அடுப்போடு கணக்கேடும், பெயர்ப் பலகையும், கூலிச் சீட்டும் குப்பைக்குப் போகின்றன. ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. பரணில் கிடக்கும் தமிழ் ஏடுகளுக்குக் காவலர் நாமே.

ஆகவே, உங்கள் பாட்டனார் ரொட்டிச் சாலையில் வேலை செய்தவராயின், அவர் விட்டுச் சென்ற தாளை எறியாதீர்கள். அந்தச் சிறுவனின் கேள்விக்கு விடை அதில் இருக்கக்கூடும். வரும் திங்கட்கிழமை அவனிடம் நான் சொல்லப்போவதும் இதுவே: "தம்பி, தாத்தா சொன்னதை எழுதி வை, ஆனால் தாத்தா சொன்னது என்றும் சேர்த்து எழுது."