தாட்பூட் பழம்: மலையில் ஊதா, அடிவாரத்தில் மஞ்சள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வளர்ந்த பழைய ஆட்களிடம் 'பேஷன் ஃப்ரூட்' என்று சொன்னால் ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஓ, தாட்பூட் பழமா?" என்பார்கள். 'தாட்பூட் தஞ்சாவூரு'க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று வேடிக்கையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் நம்புவதில்லை. இலங்கைத் தமிழில் இதற்குக் கொடித்தோடை என்று பெயர். தோடை என்றால் அங்கே ஆரஞ்சு. கொடியில் காய்க்கும் ஆரஞ்சு! நாம் வைத்த பெயரைவிட அவர்கள் வைத்த பெயர்தான் அழகு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆங்கிலப் பெயரைக் கேட்டுப் பலரும் காதல், மோகம் என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். ஜூஸ் பாட்டிலில் இதயம் படம் போட்டு விற்றதையும் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது இயேசுவின் பாடுகளைக் குறிக்கும் சொல். தென் அமெரிக்காவுக்குப் போன ஸ்பானிய மிஷனரிகள் இந்தப் பூவில் சிலுவைப்பாடு முழுவதையும் கண்டார்கள். நடுவில் ஆணி போல் நிற்கும் மூன்று சூல்முடிகள், ஐந்து காயங்களுக்கு ஐந்து மகரந்தப்பைகள், சுற்றிலும் முள்முடி போல் இழைகள், காட்டிக்கொடுத்தவரையும் மறுதலித்தவரையும் தள்ளிவிட்டுப் பத்துச் சீடர்களுக்குப் பத்து இதழ்கள். அதே குடும்பத்துப் பூவை நம் நாட்டில் கிருஷ்ண கமலம் என்றார்கள். இழைகள் நூறும் கௌரவர், மகரந்தப்பை ஐந்தும் பாண்டவர். வெளிநாட்டிலிருந்து வந்த பூ, நம் ஊருக்கு வந்ததும் மகாபாரதம் படித்துவிட்டது.

ஊதாப் பழத்தின் சொந்த ஊர் தெற்கு பிரேசில், பராகுவே, வடக்கு அர்ஜென்டினா. அதற்கு 'பாசிஃப்ளோரா எடுலிஸ்' என்று 1818ல் பெயர் வைத்தவர் ஜான் சிம்ஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். நம் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கும் இவருக்கும் தொடர்பில்லை. பூங்காவின் பெயர் 1874ல் அதை உருவாக்கிய ஜே.டி. சிம் என்ற சென்னை அரசாங்கச் செயலாளருடையது. பூங்காவில் யாராவது இருவரையும் ஒருவராக்கிக் கதை சொன்னால் நீங்கள் திருத்தலாம்.

ஊதா ரகம் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே நீலகிரியில் ஊன்றிவிட்டது. எங்கள் சிறு வயதில் இதை யாரும் 'பயிர்' என்று நினைத்ததில்லை. வேலியில், கோழிக்கூண்டின் மேல், பழைய பங்களாவின் இடிந்த சுவரில் தானாகப் படர்ந்து கிடக்கும். பறிக்கக் கூடாது, கீழே விழுந்ததைத்தான் பொறுக்க வேண்டும். அதிலும் தோல் சுருங்கியதுதான் இனிப்பு. வெளியூர்க்காரர்கள் சுருங்கிய பழத்தை அழுகல் என்று ஒதுக்கிவிட்டுப் பளபளப்பானதை எடுத்துப் போய்ப் புளிக்கிறது என்பார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு மேட்டுப்பாளையத்தில் குடியேறினோம். குன்னூர் சுமார் 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். 1899ல் திறந்த மலை ரயில் இரண்டையும் இணைத்துவிட்டது என்பதால் செடிகளுக்கும் இரண்டும் ஒரே ஊர் ஆகிவிடாது. ஊதாக் கொடி மலைக்குளிரில் காய்ப்பது. கீழே கொண்டுவந்து வைத்தால் இலை விடும், பந்தல் ஏறும், காய்ப்பதில் மட்டும் கஞ்சத்தனம். சமவெளிக்கு ஏற்றது மஞ்சள் ரகம். நம் நாட்டுக்கு அது வந்தது இலங்கையிலிருந்து, கடந்த நூற்றாண்டில். சென்னைப் பக்கத்துத் தாழ்நிலத்திலும் கேரளத்திலும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. 1964ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபின் மலையகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நீலகிரிக்கு வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறியது நமக்குத் தெரியும். மஞ்சள் பழத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஊதா சிறியது, எலுமிச்சை அளவு, முப்பது நாற்பது கிராம் இருக்கும். மணமும் இனிப்பும் அதில்தான். மஞ்சள் பெரியது, சாறு அதிகம், புளிப்பும் அதிகம்; சர்க்கரை போட்டு ஸ்குவாஷ் செய்யலாமே தவிரக் கரண்டியால் அள்ளித் தின்பது கஷ்டம். ஆனால் மஞ்சளுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: வேர். ஊதாவின் வேரை வாடல் நோயும் நூற்புழுவும் சுலபமாகப் பிடித்துவிடும். நன்றாக நின்ற கொடி பத்து நாளில் துவண்டு காய்ந்துவிடும். மஞ்சளின் வேர் தாங்கும். ஆஸ்திரேலியாவில் 1943 வாக்கில் தோட்டங்களைக் கிட்டத்தட்ட அழித்தது வைரஸ் நோய். அது வேறு கதை. ஆனால் மண்ணில் இருக்கும் வாடல் நோய்க்கு அவர்கள் கண்ட வழி, மஞ்சளை அடிக்கன்றாக வைத்து மேலே ஊதாவை ஒட்டுக்கட்டுவது.

பூக்கும் நேரத்திலும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஊதா விடியற்காலையில் மலர்ந்து மதியத்துக்குள் மூடிவிடும். மஞ்சள் மதியம் மலர்ந்து இரவு ஒன்பது பத்து மணிக்கு மூடும். ஒரு வீட்டில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் போல. இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்றுண்டு. ஊதா தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். மஞ்சளுக்கு அது ஆகாது. வேறு கொடியின் மகரந்தம் வந்தே ஆக வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பக்கத்து வீட்டில் கற்றேன். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு மஞ்சள் கொடி இருந்தது. நான்கு வருடம் இரண்டு வீட்டிலும் நல்ல காய்ப்பு. கொடிக்குள் பாம்பு அடையும் என்று யாரோ சொல்ல, பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் அதை வேரோடு வெட்டிவிட்டார். அந்த வருடம் எங்கள் பந்தலில் பூ குறையவில்லை, நூற்றுக்கணக்கில் பூத்தது. காய் மட்டும் இல்லை. பூச்சி மருந்தா, தண்ணீரா, மண்ணா என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். என் மனைவிக்கு அந்தச் சாறு இல்லாத கோடை, கோடையே இல்லை. "கொடிக்கு வயசாயிடுச்சுங்க" என்றாள். தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "பக்கத்துல இன்னொரு கொடி இருந்துச்சா?"

எங்கள் பந்தலில் இருந்த மூன்று கொடிகளும் ஒரே தாய்க்கொடியில் வெட்டிய குச்சிகள். மூன்றும் ஒன்றேதான் என்று அப்போதுதான் விளங்கியது. வேறு ஊரிலிருந்து வந்த பழத்தின் விதையைப் போட்டு ஒரு கன்று வளர்த்தோம். அது பூக்கும் வரை காத்திருந்து, பிற்பகலில் அதன் மகரந்தத்தைப் பஞ்சில் தொட்டு எங்கள் பூக்களில் வைத்தேன். அடுத்த சில நாளில் பூவுக்கு அடியில் பட்டாணி போல் காய் பிடித்ததைப் பார்த்த சந்தோஷம், பதவி உயர்வு வந்தபோதுகூட எனக்கு இருந்ததில்லை. இப்போது பஞ்சு வேலையைக் கருவண்டு பார்த்துக்கொள்கிறது. தேனீ இந்தப் பெரிய பூவுக்குப் போதாது. உள்ளே நுழைந்தால் முதுகில் மகரந்தம் ஒட்டும் அளவு பருமன் வேண்டும். பந்தல் மூங்கிலில் அது துளை போட்டுக் குடும்பம் நடத்துகிறது. மூங்கில் கெடுகிறது என்று விரட்டிவிடாதீர்கள்.

உலகம் சுற்றிய கதையில் எனக்குப் பிடித்தது ஹவாய்த் தீவு. 1880ல் யூஜின் டெலமார் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஊதாப் பழ விதையைக் கொண்டுபோய் மாவி தீவில் லிலிகோய் என்ற ஓடைப்பள்ளத்தில் நட்டார். அன்றிலிருந்து அங்கே பழத்தின் பெயரே லிலிகோய். பிறகு மஞ்சள் வந்து ஊதாவைப் பின்னுக்குத் தள்ளியது. பெயர் மட்டும் பழையதே.

இந்தக் குடும்பத்தில் நமக்கே சொந்தமான ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 1816ல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோவின் பெயரைத் தாங்கிய 'பாசிஃப்ளோரா லெஷனோல்டி' தென்னிந்திய மலைகளின் சோலைக்காடுகளில் இயற்கையாக வளர்வது. சமவெளியில் சிறு வயதில் நாம் தின்ற, வலை போர்த்திய சிறுபூனைக்காலிகூட அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மலையில் வாழைப்பழம் போல் நீண்ட காய் காய்க்கும் இளஞ்சிவப்புப் பூக்கொடி ஒன்று உண்டு. அழகுக்காகக் கொண்டுவந்த அது சோலை ஓரங்களில் மரத்தின் மேல் போர்வை போல் படர்ந்து கிடக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு அதைக் கேட்டவர்களுக்கு நான் கொடுத்ததில்லை. பழத்தைத் தின்ற பறவை விதையைக் காட்டில்தான் போடும்.

குடகில் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் ஊதாவையும் மஞ்சளையும் கலந்து 'காவேரி' என்று ஒரு ரகம் உருவாக்கினார்கள். நிறம் ஊதா, பழம் இரண்டையும்விடப் பெரியது. ஒரு கன்று போன ஐப்பசியில் வந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் ஓரமாகத்தான் வைத்திருக்கிறேன், அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. பந்தலை எட்டிவிட்டது. இன்னும் பூக்கவில்லை.