இரண்டாவது பிரசவம் முதலாவதைவிட எளிதா? கொல்கத்தாவில் இருக்கும் தமிழ்த் தம்பதிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அங்கே மதுரையிலோ திருச்சியிலோ குடும்பத்துக்குத் தெரிந்த டாக்டர் இருப்பார், பத்தியச் சாப்பாடு இருக்கும், குழந்தையைக் குளிப்பாட்டத் தெரிந்த பாட்டி இருப்பார்.

இரண்டாவது குழந்தைக்கு இது பெரும்பாலும் நடப்பதில்லை. மூத்தது எல்.கே.ஜி. படிக்கிறது. வேலை சால்ட் லேக் செக்டர் ஃபைவிலோ நியூ டவுனிலோ இருக்கிறது. ஹவுராவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர், கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போனாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். 36 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்றுவதும் இல்லை. ஆகவே முதல் குழந்தை தமிழ்நாட்டில், இரண்டாவது கொல்கத்தாவில் என்ற நிலை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் சாதாரணம்.

"ரெண்டாவதுதானே, ஈஸியா ஆயிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. உங்கள் விஷயத்தில் அது உண்மையா என்பதை முதல் பிரசவம் எப்படி நடந்தது என்பதுதான் தீர்மானிக்கும்.

முதலாவது சுகப்பிரசவம் என்றால்

உடம்புக்கு வழி தெரிந்துவிட்டது என்று பாட்டிமார் சொல்வதில் அறிவியல் இருக்கிறது. முதல் தடவை கர்ப்பப்பை வாய் முதலில் மெலிந்து சுருங்கும், அதன் பிறகுதான் விரிய ஆரம்பிக்கும். அடுத்த முறை இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். இடுப்புத் தசைகளும் பிறப்புப் பாதையும் ஏற்கெனவே ஒருமுறை விரிந்தவை என்பதால் எதிர்ப்பும் குறைவு.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலில் இது எண்ணாகவே இருக்கிறது. கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் விரிந்த பிறகு வரும் தீவிர வலிக் கட்டம் முதல் பிரசவத்தில் வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம். முக்கித் தள்ளும் கட்டம் முதல் தடவை 3 மணி நேரத்துக்குள், அடுத்த தடவை 2 மணி நேரத்துக்குள் முடியும். இவை மேல் வரம்புகள்தான். பலருக்கு இரண்டாவது குழந்தை இதைவிட வெகு வேகமாக வந்துவிடும்.

அந்த வேகம்தான் கொல்கத்தாவில் கவனிக்க வேண்டிய விஷயம். முதல் தடவை "வலி நல்லா வரட்டும், அப்புறம் போகலாம்" என்று காத்திருந்தது சரியாக இருந்திருக்கலாம். இந்தத் தடவை லேக் மார்க்கெட் பக்கம் வீடு, ஆஸ்பத்திரி ஈ.எம். பைபாஸில், நேரம் மாலை 7 மணி என்றால் அந்தக் கணக்கு உதவாது. வலி சீராக வர ஆரம்பித்ததுமே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுவிடுங்கள். பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ தேதி கொடுத்திருந்தால் காலண்டரில் துர்கா பூஜை எப்போது என்று இப்போதே பாருங்கள். சஷ்டியிலிருந்து தசமிவரை இரவில் ராஷ்பிகாரி அவென்யூவிலும் விஐபி சாலையிலும் வண்டி ஊர்ந்துதான் போகும். எந்தச் சாலை ஒருவழி, எது மூடல் என்ற அறிவிப்பைப் போலீஸ் முன்கூட்டியே வெளியிடும். அதைப் பார்த்து மாற்றுவழி ஒன்றை யோசித்து வைப்பது நல்லது.

கர்ப்ப காலத்திலும் சில வித்தியாசங்கள் தெரியும். வயிறு சீக்கிரம் வெளியே தெரியும், ஏனென்றால் வயிற்றுத் தசை முன்பே தளர்ந்தது. குழந்தையின் அசைவை முதல் தடவை 18 முதல் 20 வாரத்தில் உணர்ந்திருந்தால், இப்போது 16 வாரத்திலேயே தெரியலாம். அசைவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே! நம் ஊரில் சூட்டு வலி என்று சொல்லும் பொய் வலியும் முன்கூட்டியே, அடிக்கடி வரும். இன்னொன்று: முதல் குழந்தையின் தலை பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே இடுப்பில் இறங்கிவிடும். இரண்டாவது குழந்தை வலி தொடங்கும்வரை மேலேயே இருக்கலாம். "தலை இன்னும் இறங்கல" என்று ஸ்கேனில் சொன்னால் அதற்காக மட்டும் பயப்பட வேண்டியதில்லை.

முதலாவது சிசேரியன் என்றால்

இப்போது வாசிப்பவர்களில் கணிசமானோர் இந்தப் பிரிவில்தான் இருப்பீர்கள். 2019-21 காலத்தில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9% சிசேரியன். தேசிய சராசரி 21.5%. மேற்கு வங்கத்தின் மொத்த எண் 32.6% என்பது குறைவாகத் தெரியலாம். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை: அரசு மருத்துவமனைகளில் 22.9%, தனியார் மருத்துவமனைகளில் 82.7%. அதாவது இந்த மாநிலத்தில் தனியாரில் நடக்கும் ஐந்து பிரசவங்களில் நான்கு சிசேரியன்.

முதலாவது தமிழ்நாட்டில் சிசேரியன், இரண்டாவது மேற்கு வங்கத் தனியார் ஆஸ்பத்திரியில் என்றால் யாரும் எதுவும் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். தேதி குறித்துக் கொடுத்துவிடுவார்கள். பலருக்கு அது சரியான முடிவாகவும் இருக்கும். ஆனால் "ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்பது மருத்துவ விதி இல்லை. பழைய பழக்கம் அது.

முதல் சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யும் பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு அது நிறைவேறுகிறது என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு. நடுவில் ஒரு சுகப்பிரசவமும் நடந்திருந்தால் அது 85 முதல் 90% வரை போகிறது. முதல் சிசேரியன் ஏன் நடந்தது என்பதும் முக்கியம். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் கால் கீழே இருந்ததால் செய்திருந்தால், அந்தக் காரணம் இந்தத் தடவை இருக்காமல் போகலாம். வலி வந்தும் முன்னேற்றம் இல்லை என்று செய்திருந்தால் வாய்ப்பு கொஞ்சம் குறையும்.

ஆபத்து என்ன? பழைய தையல் பிரிந்து கர்ப்பப்பை கிழிவது. முயற்சி செய்பவர்களில் 200-ல் ஒருவருக்கு இது நடக்கலாம். எண் சிறியதுதான். ஆனால் நடந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் உயிர் ஆபத்து, நிமிடக் கணக்கில் அறுவை சிகிச்சை தேவைப்படும். மருந்து கொடுத்து வலியை வரவழைத்தால் இந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது. கர்ப்பப்பையில் நெடுக்காக வெட்டியிருந்தாலோ, முன்பு ஒருமுறை கிழிந்திருந்தாலோ, நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு இருந்தாலோ இந்த முயற்சியே கூடாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். திட்டமிட்ட இரண்டாவது சிசேரியனில் தேதி தெரியும், திடீர் அவசரம் குறைவு. பொதுவாக 39 வாரம் ஆன பிறகுதான் செய்வார்கள், முன்னால் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து 37-ல் எடுக்கச் சொல்லிக் கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு தழும்பை விட்டுவிட்டுப் போகிறது. நஞ்சு அந்தத் தழும்பில் வேர்விட்டதுபோல ஒட்டிக்கொள்வது கொடிய சிக்கல். நஞ்சு கீழே இறங்கி இருக்கும் பெண்ணுக்கு இது இரண்டாவது சிசேரியன் என்றால் அப்படி ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு சுமார் 11%, மூன்றாவது என்றால் 40%. ஆகவே முந்தைய சிசேரியன் உள்ளவர்கள் ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள்.

எந்தப் பக்கம் போவது என்பதை உங்கள் டாக்டருடன் சேர்ந்துதான் முடிவு செய்ய முடியும். ஆனால் அதை 38-வது வாரத்தில் பேச ஆரம்பித்தால் தாமதம். 20-வது வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்: "முன்னால சிசேரியன் ஆனவங்களுக்கு நீங்க சுகப்பிரசவம் பார்ப்பீங்களா? ராத்திரி 2 மணிக்கு மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருப்பாரா? ரத்த வங்கி இருக்கா? குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனிக்கும் மெஷின் இருக்கா?" இவற்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் அந்த இடத்தில் முயற்சி வேண்டாம். கேள்வி கேட்டதற்கே எரிச்சல்படும் டாக்டரிடம் போவதும் வீண்.

அரசு மருத்துவமனை என்றால் முகம் சுளிக்காதீர்கள். மாநிலத்தின் பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரவும் பகலும் ஆபரேஷன் தியேட்டர் இயங்கும், ரத்த வங்கியும் உள்ளேயே இருக்கும். ஹாஸ்ராவில் இருக்கும் சித்தரஞ்சன் சேவா சதன், தேசபந்து சி.ஆர். தாஸ் தானமாகக் கொடுத்த வீட்டில் 1926-ல் பெண்களுக்காகவே தொடங்கப்பட்டது, இன்றும் அங்கே பிரசவம் பார்க்கிறார்கள். கூட்டமும் வசதிக் குறைவும் இருக்கும்தான். அதையும் எடைபோட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய காகிதம் எங்கே?

இரண்டு ஊரில் பிரசவம் என்பதால் வரும் தனிச் சிக்கல் இது. கொல்கத்தா டாக்டருக்குத் தேவை டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் இல்லை, ஆபரேஷன் நோட்ஸும்தான். வயிற்றின் மேல்தோலில் குறுக்காகத் தழும்பு இருப்பதால் உள்ளே கர்ப்பப்பையிலும் குறுக்காகத்தான் வெட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. அது அந்தக் காகிதத்தில்தான் இருக்கும். ஊரில் அம்மா வீட்டு பீரோவில் அந்த ஃபைல் இருந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய ஆஸ்பத்திரியில் பதிவு எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள்.

முதல் தடவை வந்த வேறு சிக்கல்களும் அதில் இருக்க வேண்டும். கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் பொதுவாக முதல் கர்ப்பத்தில்தான் அதிகம் வரும். ஆனால் முன்பு ப்ரீ-எக்லாம்சியா வந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத் திரும்பவும் வரலாம். அவர்களுக்கு 12-வது வாரத்திலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். ஐந்தாம் மாதத்தில் போய் "போன தடவை பி.பி. இருந்துச்சு டாக்டர்" என்று சொன்னால் நல்ல காலம் தவறிவிட்டிருக்கும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்கும் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

தாய்க்கு நெகட்டிவ் ரத்தப் பிரிவு, முதல் குழந்தை பாசிட்டிவ் என்றால் இரண்டாவதில்தான் உண்மையான ஆபத்து. முதல் பிரசவத்தில் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று பாருங்கள். இந்தத் தடவை 28-வது வாரத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் அந்த ஊசி தேவைப்படும்.

இடைவெளி என்ன? ஒரு குழந்தை பிறந்து 24 மாதமாவது கழித்து அடுத்த கர்ப்பத்துக்கு முயற்சிக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் தழும்பு ஆறவும் இரும்புச்சத்து திரும்பச் சேரவும் அந்த நேரம் வேண்டும். மேற்கு வங்கத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 71.4% பேருக்கு ரத்தசோகை என்கிறது அதே கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் 53.4%. நீங்கள் சம்பாதிப்பவர், நன்றாகச் சாப்பிடுபவர் என்பதால் விதிவிலக்கு ஆகிவிட மாட்டீர்கள். ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

பிறந்த பிறகு

இங்கே இரண்டாவதுதான் கஷ்டம். முதல் குழந்தைக்குப் பிறகு கர்ப்பப்பை இறுக்கமாகச் சுருங்கி அப்படியே இருந்துவிடும். இரண்டாவதுக்குப் பிறகு அது விட்டு விட்டுச் சுருங்கும், பால் கொடுக்கும்போது பிரசவ வலிபோலவே இழுக்கும். பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின்தான் காரணம். இரண்டு மூன்று நாளில் சரியாகும். அடக்கிக்கொண்டு இருக்க வேண்டாம், வலி மருந்து கேளுங்கள். ரத்தப்போக்கு அளவுக்கு மீறினால் அது வேறு விஷயம், உடனே சொல்ல வேண்டும். பால் பெரும்பாலும் சீக்கிரம் சுரந்துவிடும் என்பது நல்ல செய்தி. முன்பு பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்திருந்தால் இந்தத் தடவையும் வரலாம், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வார்டில் உங்களுக்கு உதவும் மாஷிகளுக்கு இந்தியோ ஆங்கிலமோ தெரியாமல் இருக்கலாம். 'ப்யாதா உட்டேச்சே' என்றால் வலி எடுத்துவிட்டது. 'ஜோல் பேங்கேச்சே' என்றால் பனிக்குடம் உடைந்துவிட்டது. இந்த இரண்டையும் கணவரும் கற்றுக்கொள்ளட்டும்.

விடுப்பு விஷயத்தில் கவலை வேண்டாம். இரண்டாவது குழந்தைக்கும் சட்டப்படி சம்பளத்துடன் 26 வாரம் உண்டு, அதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்து மூன்றாவது பிறந்தால்தான் அது 12 வாரமாகக் குறையும். தனியார் நிறுவனத்தில் இருக்கும் அப்பாவுக்கு விடுப்பு தர வேண்டும் என்று சட்டம் இல்லை, கம்பெனி கொள்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் தடவை இல்லாத ஒருவர் இந்தத் தடவை வீட்டில் இருக்கிறார்: மூத்த குழந்தை. இரவு 1 மணிக்கு வலி எடுத்தால் அதை யாரிடம் விட்டுவிட்டுப் போவீர்கள்? அம்மாவோ அத்தையோ ஊரிலிருந்து வருவதாக இருந்தால், கொடுத்த தேதிக்கு மூன்று வாரம் முன்பே வந்துவிடட்டும். அவர்கள் வந்து சேரும்வரை பொறுப்பேற்க மாடி வீட்டு காக்கிமாவிடமோ ஆபீஸ் தோழியிடமோ பேசி, வீட்டுச் சாவி ஒன்றையும் கொடுத்து வையுங்கள்.