பிழைதிருத்தியிலிருந்து ஆளி வரை: ஈருலோகப் பட்டையின் வளர்ச்சி

ஒரு மீட்டர் நீளமுள்ள பித்தளைக் கம்பி, வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 0.019 மில்லிமீட்டர் நீளும். எஃகுக் கம்பி 0.012 மில்லிமீட்டர் நீளும். இந்த நுண்ணிய வேறுபாடு முதலில் கடிகாரத்தின் பிழையைத் திருத்தவும், பின்னர் கருவிகளை இயக்கவும் பயன்பட்டது. இம்மாற்றத்தில் உலோகங்களின் தேர்வுக்கு இணையான பங்கு அவற்றைப் பிணைத்த முறைக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஹாரிசனின் தறையாணி

வெயில் காலத்தில் ஊசல் நீண்டால் கடிகாரம் பின்தங்கும். இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் 1726 வாக்கில் பித்தளை, எஃகுக் கம்பிகளை மாறிமாறி நிறுத்தி, ஒன்று கீழ்நோக்கி நீள்வதை மற்றொன்று மேல்நோக்கி நீண்டு ஈடுசெய்யும்படி ஊசலை அமைத்தார். அதில் இரு உலோகங்களும் அருகருகே நின்றனவே தவிர ஒட்டியிருக்கவில்லை.

ஆடும் கப்பலில் ஊசல் உதவாது. அங்கே சுருள்வில்தான் நேரத்தைக் காக்க வேண்டும். அதுவும் சூட்டில் தளரும். 1740 முதல் 1759 வரை உழைத்து உருவாக்கிய தம் மூன்றாவது கடற்கடிகாரத்தில் ஹாரிசன் பித்தளைத் தகட்டையும் எஃகுத் தகட்டையும் தறையாணி அடித்து ஒன்றாக்கி ஈருலோகப் பட்டையாக்கினார். சூடேறியதும் பித்தளை அதிகம் நீள முயல, எஃகு அதை இழுத்துப் பிடிக்க, பட்டை எஃகுப் பக்கமாக வளைந்தது. அந்த வளைவு வில்லின் இயங்கு நீளத்தைக் குறைத்துத் தளர்ச்சியை ஈடுகட்டியது. கண்ணுக்குப் புலப்படாத நீட்சி, பிணைப்பினால் கண்ணால் காணும் அசைவாகப் பெருகியது.

அசைவே வேலையாதல்

ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் 1830இல் பெற்ற காப்புரிமை பட்டையின் நோக்கத்தையே மாற்றியது. பட்டையின் வளைவைக் கொண்டு வெப்பநிலையைத் தானாகவே சீர்செய்யும் அமைப்பை அவர் விவரித்தார். அதற்குத் தெர்மோஸ்டாட் என்று பெயரும் இட்டார். அதுவரை வெப்பத்தின் விளைவை மறைத்துவந்த பட்டை, வெப்பத்தையே கட்டுப்படுத்தத் தொடங்கியது.

அடுத்த படி உலோகத் தேர்வில் நிகழ்ந்தது. பாரிஸ் அருகே செவ்ரில் இருந்த பன்னாட்டு எடை அளவை நிறுவனத்தில், விலை குறைந்த நீள அளவுகோலுக்கு உலோகம் தேடிய சார்ல் எதுவார் கியோம், 1896இல் 36 விழுக்காடு நிக்கல் கலந்த இரும்பு கிட்டத்தட்ட விரிவதே இல்லை என்று கண்டார். இன்வார் எனப்பட்ட இக்கலவைக்காக 1920இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதிகம் விரியும் உலோகத்துக்கு இன்வாரைத் துணையாக்கியபோது வளைவு வெகுவாகக் கூடியது.

உருளைகளும் கணக்கும்

தறையாணி சில புள்ளிகளில்தான் பிடிக்கும். உருட்டாலை இக்குறையைத் தீர்த்தது. துப்புரவாக்கிய இரு தகடுகளை உருளைகளுக்கிடையே கடுமையாக நசுக்கினால் மேற்பரப்பின் ஆக்சைடு படலம் உடைந்து, புது உலோகம் புது உலோகத்தைத் தொட்டு அணுவளவில் ஒட்டிக்கொள்கிறது. பொறியியலாளர் ஸ்டீபன் திமோஷென்கோ 1925இல் வெளியிட்ட ஆய்வும் இரு அடுக்குகளும் சற்றும் நழுவாமல் ஒட்டியிருப்பதாகவே கொள்கிறது. விரிவின் வேறுபாடு, வெப்பநிலை மாற்றம், பட்டையின் தடிமன் ஆகியவையே வளைவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று அவர் நிறுவினார். வளைவு இவ்வாறு முன்கூட்டியே கணக்கிடத்தக்கதாயிற்று.

முடிவு

இன்று இஸ்திரிப் பெட்டியிலும் வீட்டு மின்சுற்றைக் காக்கும் எம்.சி.பி.யிலும் இதே பட்டை இருக்கிறது. எம்.சி.பி.யில் மின்சுமை மிகுந்தால் அது சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. மின்னணு உணரி வெப்பநிலையை அளக்கும். ஆனால் செயல்பட இன்னொரு கருவி வேண்டும். ஈருலோகப் பட்டையோ தானே உணர்ந்து தானே இயங்குகிறது. உலோகங்கள் வேறுபடுவதால் மட்டும் இது கைகூடாது. அவை பிரியாமல் நிற்கும் பிணைப்பும் வேண்டும். தறையாணியிலிருந்து உருட்டாலைக்கு நகர்ந்த தொழில்நுட்பமே இக்கருவியை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.